கடைசியில் ஏற வேண்டிய பெட்டி

வராத ஆபத்துக்கும் நாற்காலி போட்டு வைக்கிற ஆள் என்று டிரஸ்ஸர் கஸ்பாரைத் தொழிலாளர் லயத்தில் கேலி செய்வார்கள். கேலியில் பொய் ஒன்றுமில்லை. மலாயாவில் சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே, பிளஸ் ஆற்றை ஒட்டிய ரப்பர் தோட்டத்தில் காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் மருந்து போடுவது அவர் உத்தியோகம். வானம் வெளுத்திருக்கும்போதே குடையை எடுத்துக்கொண்டு புறப்படுவார். வீட்டில் தீப்பெட்டி ஒவ்வோர் அறையிலும் ஒன்று இருக்கும். கூரை விழுந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள் என்று அவர் மனைவி செல்லாயி ஒருமுறை கேலியாகக் கேட்டாள். அவர் சற்று யோசித்துவிட்டு, கிழக்குப் பக்கம் என்றார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தாம் வருடம் ரப்பர் விலை ஏறியபோது கம்பெனிக்குப் புது நிலத்தின் மேல் ஆசை வந்தது. ஆற்றின் தலைப்பக்கக் காட்டை அளந்து வர ஈப்போவிலிருந்து ஒரு சர்வே துரையை அனுப்பினார்கள். அவரோடு தோட்டத்து ஆட்கள் போக வேண்டும். சமையலுக்கு உடையப்பன், காடு வெட்ட நாலைந்து பேர், வைத்தியத்துக்குக் கஸ்பார். இரண்டு நீளத் தோணிகள், கழி ஊன்றித் தள்ள மலாய்க்காரர்கள். ஒரு மாதத்துக்குக் குறையாத பயணம். மேலே ஆஸ்பத்திரி இல்லை, கடை இல்லை, கூப்பிட்டால் கேட்க மனிதர் இல்லை. காய்ச்சல் மட்டும் தாராளமாக உண்டு. முந்தின வருடம் பிரம்பு வெட்டப் போன ஒரு கூட்டத்தில் பாதிப் பேர் திரும்பவே இல்லை. திரும்பிய மீதிப் பேரைக் கஸ்பார்தான் பார்த்தார். கையில் கொய்னா மாத்திரை கொண்டுபோயிருந்தால் எல்லாரும் வந்திருப்பார்கள் என்று பிறகு பல நாள் வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தார்.

ஆகவே பயணம் நிச்சயமானதிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. சந்தோஷம் வந்தது என்றும் சொல்ல வேண்டும். இப்படி ஒரு வாய்ப்புக்காகத்தான் மனிதர் இத்தனை வருடம் காத்திருந்தார் போலிருந்தது. அரிசியை மண்ணெண்ணெய் டின்களில் போட்டு ஈயம் வைத்து அடைத்தார். ஒரு தோணி போனாலும் மற்றதில் சோறு இருக்க வேண்டும் என்று பாதிப் பாதியாகப் பிரித்தார். தீக்குச்சிகளை மெழுகில் முக்கிக் காயவைத்தார். காட்டில் வழி தவறினால் ஊத ஆளுக்கொரு விசில் கொடுத்தார். அன்று இரவு முழுவதும் லயத்தில் ஒருவரும் தூங்க முடியவில்லை.

பிறகு ஒத்திகை. ஆட்களை ஆற்றங்கரையில் வரிசையாக நிறுத்தி, தோணி கவிழ்ந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நல்ல காரியமாகக் கிளம்பப் போகிற நேரத்தில் இப்படி ஒரு கேள்வியா என்று எல்லாருக்கும் முகம் சுருங்கிவிட்டது. உடையப்பன் ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தான்.

"வாயில நல்ல வார்த்தை வரட்டும் டிரஸ்ஸரய்யா. போறதுக்கு முன்னாடியே கவுத்துறீங்களே."

வாய் வார்த்தையால் எந்தத் தோணியும் கவிழ்ந்ததில்லை என்று கஸ்பார் பொறுமையாக விளக்கினார். விளக்கிக்கொண்டே காலி டின் ஒன்றை உடையப்பனின் இடுப்பில் கட்டி, மார்பளவு தண்ணீரில் தள்ளியும் விட்டார். டின் மிதந்தது. உடையப்பன் தலைகீழாக மிதந்தான். இழுத்துப் போட்டபோது, அரிசியை மிச்சம் பிடிக்கத்தான் தன்னை இங்கேயே முடிக்கப் பார்க்கிறார்கள் என்று வயிற்றில் அடித்துக்கொண்டான். டின்னை நெஞ்சோடு கட்ட வேண்டும் என்று கஸ்பார் அதிலிருந்து தெரிந்துகொண்டார்.

எல்லாவற்றிலும் பெரிய ஏற்பாடு மருந்துப் பெட்டி. மரப்பெட்டி, உள்ளே தகரம் அடித்தது. மொத்தக் கூட்டத்துக்கும் வேண்டிய கொய்னா, பாம்புக்கடிக்குக் கத்தியும் மருந்தும், டிஞ்சர், கட்டுத்துணி, வயிற்றுப்போக்குக்கு மருந்து எல்லாம் அதற்குள். அந்தப் பெட்டிக்கு அவர் இரண்டு விதிகள் போட்டிருந்தார். அவசரத்துக்கு உதவுவது எல்லாச் சாமானுக்கும் மேலே இருக்க வேண்டும். ஆகவே அது கடைசியில்தான் ஏற வேண்டும். கண்டவன் கைபட்டால் குப்பி உடையும். ஆகவே அவரைத் தவிர யாரும் அதைத் தொடக்கூடாது. இரண்டும் நல்ல விதிகள். இரண்டும் சேர்ந்துதான் காரியத்தைக் கெடுத்தன.

புறப்படுகிற காலையில் தோட்டமே படித்துறையில் நின்றது. சாமான் எல்லாம் ஏறியாகிவிட்டது. கஸ்பார் பெட்டியைத் தூக்கக் குனிந்த சமயத்தில் முன் தோணியிலிருந்து துரை அவரைக் கூப்பிட்டார். பூட்சுக்குள் அட்டை புகுந்துவிட்டதாம். கஸ்பார் பெட்டியை அப்படியே கரையில் வைத்துவிட்டு ஓடிப்போய்த் துரையின் காலடியில் உட்கார்ந்து அட்டையைப் பிடுங்கினார். அவர் ஏறியதே போதும் என்று மலாய்க்காரர்கள் கழியை ஊன்றிவிட்டார்கள். பின் தோணிக்காரர்கள் டிரஸ்ஸர் தன்னோடு பெட்டியைக் கொண்டுபோய்விட்டார் என்று நினைத்தார்கள். டிரஸ்ஸரோ கையில் அட்டையும் மனசில் துரையுமாக இருந்தார். பெட்டி பின் தோணியில் அதற்கென்று விட்ட இடத்தில் இருக்கிறதென்று அவர் மனசு தானாக எழுதிக்கொண்டது.

கரையில் கிடந்த பெட்டியைச் செல்லாயி பார்த்தாள். தோணி கரையை விட்டு இரண்டு ஆள் தூரம்கூடப் போகவில்லை. வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

கிளம்பிப் போகிற மனிதரைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது. கூப்பிட்டால் போகிற காரியம் விளங்காது. சில சமயம் போன ஆளே திரும்பமாட்டார். இது அந்தக் கரையில் நின்ற எல்லாருக்கும் தெரிந்ததுதான். செல்லாயிக்குத் தெரிந்தது வேறு விதம். அவள் அண்ணன் மாயாண்டி காடு வெட்டப் போன ஒரு நாள், வெற்றிலைப் பையை மறந்துவிட்டுப் போகிறானே என்று இவள் பின்னாலேயே ஓடி, "அண்ணே" என்று கூப்பிட்டாள். அவன் திரும்பி வந்து சிரித்துக்கொண்டே பையை வாங்கிப் போனான். அன்று பொழுது சாய்வதற்குள் ஒரு மெரந்தி மரம் அவன் மேல் சாய்ந்துவிட்டது. கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கி இருதயமேரி என்று பெயர் மாறிய பிறகும் அந்தக் குரல் அவள் தொண்டையில் இருந்தது. மரம் கோடரியால் விழுகிறது, மேரி, நாக்கால் விழுவதில்லை என்று கஸ்பார் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அவளும் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறாள்.

அவளை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. அந்தப் பெட்டியைப் பார்க்காதவர் கரையில் யாருமே இல்லை. கங்காணி பார்த்தார். பால்வெட்டுக்காரிகள் பார்த்தார்கள். ஒருத்தி விரலை நீட்டினாள், பக்கத்தில் நின்றவள் அந்த விரலைப் பிடித்து மடக்கினாள். தோட்டம் முழுக்க வாயை இறுகப் பூட்டிக்கொண்டு, இரண்டு தோணிகளும் வளைவில் திரும்புகிறவரை நல்லபடியாகப் பார்த்துக்கொண்டு நின்றது. மறைந்ததும் எல்லா வாயும் ஒரே நேரத்தில் திறந்தன. நீ சொல்லியிருக்கலாமே என்று ஒவ்வொருவரும் மற்றவரைக் கேட்டார்கள். இது வேறு பெட்டி என்று நினைத்ததாகக் கங்காணி சொன்னார். எனக்கு இதைச் சொல்லும்போதே ஆத்திரமாக வருகிறது. ஆனால் அங்கே நின்றிருந்தால் நான் மட்டும் கத்தியிருப்பேன் என்று சத்தியம் செய்யமாட்டேன்.

பெட்டி இல்லாமல் மேல்காடு என்றால் என்ன என்று செல்லாயிக்குத் தெரியும். பிரம்புக்காரர்களுக்கு அவள்தான் கஞ்சி ஊற்றியவள். வேறு தோணி தோட்டத்தில் இல்லை. இருந்தாலும் அது பின்னால்தானே போகும். அப்போது கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்ற கருப்பம்மாள் ஒரு வழி சொன்னாள். ஆறு குன்றைச் சுற்றிக்கொண்டு போகிறது. குன்றைக் குறுக்கே தாண்டினால் மேலே ஜெராம் என்று சொல்கிற பாறைத்துறை. அந்த இடத்தில் சாமானை எல்லாம் இறக்கி, தோணியைக் கயிறு கட்டி இழுத்துத்தான் ஏற்றுவார்கள். நடந்தால் முந்திப் போய்விடலாம். விறகுக்கும் மூங்கில் குருத்துக்கும் போய் அவளுக்கு வழி பழக்கம். பின்னால் கூப்பிடுவதுதான் ஆகாது. முன்னால் போய் நிற்பதற்கு ஒரு தடையும் இல்லை. இந்தக் கணக்கில் ஓட்டை கண்டுபிடிக்க என்னாலும் முடியவில்லை.

செல்லாயி பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஓட்டமும் நடையுமாக ஏறினார்கள். ரப்பர் மரங்கள் முடிந்து காடு தொடங்கியது. முந்தின நாள் மழையில் தரை வழுக்கியது. பெட்டியின் கனம் கழுத்துக்குள் இறங்கியது. கருப்பம்மாள் மாற்றித் தூக்குகிறேன் என்றபோது செல்லாயி கொடுக்கவில்லை. இறக்கம் தொடங்கி ஆற்றுச் சத்தம் கேட்டதும் கருப்பம்மாள் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அவள் புருஷன் செத்து வருடங்கள் ஆகின்றன. கிளம்பிப் போகிறவர்களுக்கு எதிரே அறுத்தவள் வரக்கூடாது.

"அக்கா, வழி தெரியாதுக்கா. கொஞ்சம் கூட வாங்க," என்று செல்லாயி கெஞ்சினாள்.

"நான் எதிர வந்து நின்னா ஒன் புருஷனுக்குத்தான்டி ஆகாது. நேரா எறங்கு, தண்ணி வந்துரும்லா."

நேராக இறங்க அங்கே வழி இல்லை. மூங்கில் புதர் குறுக்கே நின்றது. சுற்றிப் போனதில் ஆற்றுச் சத்தம் இடதிலும் கேட்டது, வலதிலும் கேட்டது. போன தடத்திலேயே திரும்பி வந்தாள். அழுதுகொண்டே கருப்பம்மாளைத் திட்டினாள், அண்ணனைத் திட்டினாள், பெட்டியைத் திட்டினாள். புருஷனையும் ஒரு வார்த்தை திட்டினாள். ஒருவழியாகப் புதரை விட்டு வெளியே வந்து கரையில் நின்றபோது பாறைத்துறையில் ஒருவரும் இல்லை. மழையில் ஆறு ஏறிப் பாறைகள் முழுகியிருந்தன. சாமானை இறக்காமல் தோணிகளை அப்படியே ஓரமாகத் தள்ளி ஏற்றிவிட்டார்கள். இறக்கியிருந்தால் பெட்டி இல்லாதது கஸ்பாருக்குத் தெரிந்திருக்கும்.

தோணிகள் இரண்டும் துறையைத் தாண்டி அமைதித் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தன. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள். அதில் ஒரு முதுகு கஸ்பாருடையது. இந்தப் பாடெல்லாம் பட்டும் கடைசியில் அவள் மறுபடி அவருக்குப் பின்னால்தான் நின்றாள்.

இன்னும் கொஞ்சத்தில் அடுத்த வளைவு. கூப்பிட்டால் அண்ணன். கூப்பிடாவிட்டால் பிரம்புக்காரர்கள்.

"ஏங்க," என்று கத்தினாள். தண்ணீர் இரைச்சல் அதை விழுங்கிவிட்டது. விழுங்காவிட்டாலும் தோணியில் இருந்த பாதிப் பேர் ஏதோ ஒருத்திக்கு 'ஏங்க'தான். இன்னொரு முறை கத்தினாள். ஒரு முதுகும் திரும்பவில்லை. அப்போது அவள் கல்யாணமான நாளிலிருந்து வாயால் சொல்லாத ஒன்றை, கோயிலில் சாமியார் கேட்டபோதுகூடத் தலையசைத்துச் சமாளித்த ஒன்றை, அடிவயிற்றிலிருந்து எடுத்துக் கத்தினாள்.

"கஸ்பார்!"

கஸ்பார் துள்ளி எழுந்தார். தோணி ஆடியது. அவரை மொட்டையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் துரைமார் மட்டும்தான். ஆகவே தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "எஸ் சார்" என்றார். சொன்ன பிறகுதான் துரை தனக்கு எதிரேயே உட்கார்ந்து பைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். மெல்லத் திரும்பினார். கரையில் சேலையெல்லாம் சேறாக, தலையில் பெட்டியோடு அவர் மனைவி நின்றாள்.

தோணிகள் கரைக்கு வந்தன. பெட்டியைப் பார்த்ததும் கஸ்பாருக்கு முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. பின் தோணியில் அதற்கென்று விட்ட இடம் காலியாக இருந்தது. உடையப்பன் அதில் கால் நீட்டி வந்திருக்கிறான். படித்துறையிலேயே பார்த்தாயா என்று அவளிடம் கேட்டார். பார்த்தேன் என்றாள். பின்னே ஏன் கூப்பிடவில்லை என்று கேட்கப் போனவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மாயாண்டியை அடக்கம் செய்த இடத்தில் அவரும் நின்றவர்தானே.

ஆனால் இப்போது வேறு வம்பு வந்தது. பின்னாலிருந்து குரல் விழுந்துவிட்டது. அதுவும் பெண்டாட்டி குரல், அதுவும் பெயர் சொல்லி. காடு வெட்டுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். உடையப்பன் இறங்கிக் கரையில் நின்று, இனி தான் வரவில்லை, சமையலைத் துரையே செய்துகொள்ளட்டும் என்றான். செல்லாயி கஸ்பாரின் சட்டை முனையைப் பிடித்திருந்தாள். அதை விடச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

மூங்கில் புதருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கூப்பிட்ட சத்தம் கேட்டு இறங்கி வந்த கருப்பம்மாள், ஆளைக் காட்டாமல் பேசினாள்.

"ஒக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு மறுபடி கெளம்பச் சொல்லு. சரியாப் போயிரும்."

அந்தப் பரிகாரம் எல்லாருக்கும் தெரியும், பதற்றத்தில் மறந்திருந்தார்கள். கஸ்பாருக்கு அதில் இரண்டு சங்கடம். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர் அவர். அதைவிடப் பெரியது, காய்ச்சாத ஆற்றுத் தண்ணீரைக் குடித்தால் வயிறு என்ன பாடுபடும் என்று அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவருக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். துரை கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். செல்லாயி அதற்குள் ஓரத்தில் குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். மழைத் தண்ணீர், தேயிலைச் சாயம் மாதிரி இருந்தது. விரலிடுக்கில் சொட்டிக்கொண்டிருந்தது.

கஸ்பார் அந்தத் தண்ணீரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த கட்டையில் உட்கார்ந்து, அவள் கையில் வாய் வைத்துக் குடித்தார். சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

மற்றவர்களும் ஆற்றை நோக்கி நகர்ந்தபோது ஒரு அதட்டல் போட்டு நிறுத்தினார். அவர்களுக்குக் கூஜாவில் இருந்த காய்ச்சிய தண்ணீரை ஆளுக்கொரு மடக்கு கொடுத்தார். உட்கார்ந்து குடித்ததும் உடையப்பனுக்குத் தெம்பு வந்து தோணியில் ஏறினான். என்ன சடங்கு இது என்று துரை கேட்டதற்கு, புறப்படும் முன் ஒரு மருந்து சாப்பிட்டோம் என்று கஸ்பார் சொன்னார். பெட்டியைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். போய்விட்டு வருகிறேன் என்று அவளிடம் தனியாக, புதிதாகச் சொன்னார். அவள் போய்விட்டு வாருங்கள் என்றாள்.

ஒரு மாதம் என்றது இரண்டாகப் போனது. அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. செல்லாயி சாப்பிட்டாள், தூங்கினாள், கோயிலுக்குப் போனாள். அந்தத் தண்ணீரை நினைத்துக்கொண்டாள். குடித்துவிட்டுத்தானே போனார் என்று ஒவ்வொரு நாளும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது அவளைத் தாங்கியது.

தோணிகள் திரும்பி வந்தன. எல்லாருக்கும் காய்ச்சல் வந்திருந்தது, எல்லாரும் கொய்னா தின்றிருந்தார்கள், எல்லாரும் திரும்பியிருந்தார்கள். உடையப்பன் கொழுத்தே போயிருந்தான். கஸ்பாரைத்தான் இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். கன்னம் ஒட்டி, கால்சட்டை கயிற்றில் நின்றது. கிளம்பிய மூன்றாம் நாளே அவருக்குச் சீதபேதி கண்டது என்றும், அவரைத் தவிர வேறு யாருக்கும் வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை என்றும், பெட்டியில் இருந்த மருந்துதான் ஆளைப் பிழைக்க வைத்தது என்றும் உடையப்பன் லயம் லயமாகப் போய்ச் சொன்னான்.

செல்லாயிக்குப் புரிய நேரமாகவில்லை. மோர் ஊற்றிய கஞ்சியை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நான் குடுத்த தண்ணியாலதானே?"

அவர் ஆமாம் என்றார். மறைக்கத் தெரியாத மனிதர்.

"குடிச்சா இப்படி ஆகும்னு ஒங்களுக்குத் தெரியும்லா. பின்ன ஏன் குடிச்சீங்க?"

கஸ்பார் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"கூப்பிட்டதால எனக்கு ஒன்னும் ஆகாதுன்னு எனக்குத் தெரியும், மேரி. ஒனக்குத் தெரியாதே. காட்டுக்குப் போறவங்க அத்தன பேருக்கும் மருந்து எடுத்து வச்சேன். வீட்டுல இருக்கிற ஒனக்கு ஒன்னும் வைக்கலியே."

செல்லாயிக்கு அழுகை வந்தது. முந்தானையைத் தேடாமல் அவர் எதிரிலேயே அழுதாள்.